வெட்டுக்காயப் பூண்டு ரத்தத்தை நிறுத்தும். அதுக்கப்புறம்?

1/
போன வாரம் ஓ.பி.யில் ஒரு ஆயா. வயசு 65 இருக்கும். இடது கை ஆள்காட்டி விரலைச் சேலைத் தலைப்பால் சுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அருவா பட்டிருச்சு. துணியைப் பிரிச்சா விரல் முழுக்கப் பச்சை.

"என்ன ஆயா வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலியே சாமி."

விரல் பச்சை. சேலைத் தலைப்பு பச்சை. நகக்கண் பச்சை. ஆனாலும் ஒண்ணும் வைக்கலையாம்.

2/
செய்யூர்ப் பக்கம் வேலை பார்க்கிற எந்த டாக்டருக்கும் நர்சுக்கும் இந்தப் பொய் பழக்கமானதுதான். ஏன் மறைக்கிறாங்கன்னு கொஞ்சம் யோசிச்சா, தப்பு யார் மேலன்னு தெரிஞ்சிடும். எங்க மேலதான். "இலை வச்சேன்"னு சொன்னா நாங்க திட்டுவோம். அதனால சொல்றதில்லை.

அந்தப் பச்சையைப் பத்தின இழை இது. கொஞ்சம் நீளம். இதுல ஒருத்தர் தன் காலில் ஒரு பகுதியை இழந்த கதை இருக்கு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. பொறுமையா படிங்க.

3/
முதல்ல செடி. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ, மூக்குத்திப்பூன்னு ஊருக்கு ஒரு பேர். தாவரவியல் பேர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். தரையோடு படர்ந்து கிடக்கும். இலை சொரசொரன்னு, ஓரம் பல்லு பல்லா இருக்கும். மெலிசான நீளக் காம்பு மேல ஒத்தப் பூ. நடுவுல மஞ்சள், சுத்தி வெளிறின இதழ்கள், ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூணு பல்.

பேர் தெரியலைன்னாலும் செடி தெரியும். சின்ன வயசுல காம்பைப் பிடிச்சுக் கட்டை விரலால பூவோட தலையைச் சுண்டிவிட்டு விளையாடினோமே, அதே செடிதான்.

4/
இது நம்ம ஊர்ச் செடி இல்லை. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான் இதன் சொந்த ஊர். 1753-ல் லின்னேயஸ் இதுக்குப் பேர் வச்சப்போ, மெக்சிகோவின் வெராக்ரூஸ்தான் இதன் இடம்னு எழுதினார். ஒவ்வொரு விதைக்கும் பஞ்சு மாதிரி முடி இருக்கு. காத்து அடிச்சா போதும், பக்கத்து ஊருக்குப் போயிடும். இன்னிக்கு வெப்ப நாடுகள் எல்லாத்துலயும் களையா பரவிக் கிடக்கு. அமெரிக்க அரசாங்கம் இதைத் தீங்கான களைகளின் பட்டியல்லயே வச்சிருக்கு.

செய்யூர்ல வயல் வரப்பு, ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, ஆஸ்பத்திரி காம்பவுண்ட் சுவர் ஓரம்னு எங்க பார்த்தாலும் இருக்கு.

5/
இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு.

"இது ஆயிரக்கணக்கான வருஷமா நம்ம முன்னோர் சொன்ன மூலிகை"ன்னு வாட்ஸ்அப்பில் சுத்தும். அப்படி இருக்க வழியில்லை. 1492-ல் கொலம்பஸ் கப்பல் அமெரிக்கா போறதுக்கு முன்னாடி இந்தச் செடி இந்தப் பக்கம் இல்லை. மிளகாய், மல்லாட்டை, கொய்யா மாதிரி இதுவும் அதுக்கு அப்புறம் வந்ததுதான்.

6/
அப்படின்னா என்ன நடந்திருக்கும்? வரப்புல புதுசா ஒரு களை முளைச்சிருக்கு. யாரோ ஒரு ஆயா, கையில வெட்டுப்பட்டப்போ அதைக் கிள்ளிக் கசக்கி வச்சுப் பார்த்திருக்காங்க. ரத்தம் நின்னிருக்கு. பக்கத்துல நாத்து நட்டவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. அப்படியே ஊர் ஊரா பரவியிருக்கு.

அதாவது நம்ம ஆயாக்கள் பழசையே பிடிச்சுத் தொங்கினவங்க இல்லை. புதுசா ஒண்ணு வந்தா சோதிச்சுப் பார்த்து, வேலை செஞ்சா எடுத்துக்கிட்டவங்க. இதை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில இதுக்கே திரும்பி வருவேன்.

7/
சரி, இலை உண்மையிலேயே வேலை செய்யுதா?

1980-களின் தொடக்கத்துல இந்திய மருந்தியல் ஆய்வாளர்கள் எலிகளோட காயத்துல இதைச் சோதிச்சாங்க. ஸ்டீராய்டு கொடுத்தா காயம் ஆறுறது தாமதமாகும். அப்படித் தாமதமாக்கின எலிகள்ல இந்தச் செடியின் சாறு தாமதத்தைக் குறைச்சது. அதுக்கப்புறமும் நிறைய ஆய்வுகள் வந்திருக்கு. ரத்தம் உறையும் நேரத்தைக் குறைக்குது, சில பாக்டீரியாக்களை ஆய்வகத் தட்டுல அடக்குதுன்னு சொல்றாங்க.

அதனால "எல்லாம் மூடநம்பிக்கை"ன்னு நான் சொல்ல மாட்டேன். செடிக்குள்ள ஏதோ இருக்கு.

8/
ஆனா எலிக்கு வச்சது அளந்து தயாரிச்ச சாறு. எலியோட காயமும் ஆய்வகத்துல சுத்தமான பிளேடால போட்ட காயம். நம்ம வைக்கிறது போர்வெல் ஓரத்துல, ஆடு மேய்ஞ்ச இடத்துல கிள்ளின இலை. கழுவாம, உள்ளங்கையில வச்சுக் கசக்கி, சில பேர் வாயில மென்னு துப்பி வைக்கிறது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

9/
இன்னொரு விஷயம். இலையை எப்படி வைக்கிறோம்? கசக்கி, காயத்து மேல வச்சு, கட்டை விரலால அழுத்திப் பிடிக்கிறோம். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்.

ரத்தப்போக்குக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்ற முதல் சிகிச்சையும் அதுதான். சுத்தமான துணியை வச்சு 10 நிமிஷம் விடாம அழுத்து, நடுநடுவே எடுத்துப் பார்க்காதே. சின்ன வெட்டுன்னா ஆரோக்கியமான உடம்புல ரத்தம் தானா உறைஞ்சிடும். ஆக, அன்னிக்கு ரத்தத்தை நிறுத்தினது எவ்வளவு இலை, எவ்வளவு கட்டை விரல்? என் கணக்குல கட்டை விரலுக்குத்தான் பெரிய பங்கு.

10/
இப்ப அந்தக் கதை.

செய்யூர்ப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி, வேற ஒரு கடலோர ஊர்ல வேலை பார்த்தேன். டிகிரி முடிச்சுக் கொஞ்ச நாள்தான். காலையில 200 பேர் ஓ.பி., நடுவுல பிரசவம், நடுவுல போஸ்ட்மார்ட்டம். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு அப்ப.

ஒருநாள் உப்பளத்துல வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் வந்தார். 50 வயசுக்கு மேல. சர்க்கரை உண்டு. கையில சின்ன வெட்டு, மேல பச்சை இலை. பக்கத்துல அவர் சம்சாரம்.

11/
கூட்டத்துக்கு நடுவுல சத்தமாவே கேட்டேன்: "ஏம்மா, இது கையா, கீரைக் கட்டா? கண்டதையும் வச்சு அழுக வச்சுட்டு அப்புறம் எங்ககிட்ட தூக்கிட்டு வர்றது. படிச்சவங்க சொன்னா கேக்க மாட்டீங்களா?"

வரிசையில நின்ன நாலு பேர் சிரிச்சாங்க. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கழுவி, கட்டுப்போட்டு, ஊசி போட்டு அனுப்பினேன். காயம் நல்லா ஆறிடுச்சு. அதோட நான் மறந்துட்டேன். அவங்க மறக்கல.

12/
ஏழெட்டு மாசம் கழிச்சு அதே அண்ணன். இந்தத் தடவை மருமகன் பைக்ல வச்சுக் கூட்டிட்டு வந்தார். ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே நாத்தம் வந்துடுச்சு. டாக்டர்களுக்கு அந்த நாத்தம் தெரியும்.

வலது கால் ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. பாதம் வீங்கிப் பளபளன்னு இருக்கு. சர்க்கரை 400-க்கு மேல. காய்ச்சல். உள்ளங்கால்ல கடுகளவு ஒரு ஓட்டை, அதைச் சுத்திக் காய்ஞ்ச பச்சை.

"எத்தனை நாளாச்சுண்ணே?"

"பன்னெண்டு நாள் இருக்கும் சார்."

13/
வேலிகாத்தான் முள் குத்தியிருக்கு. தெக்கத்திக்காரங்க சீமைக்கருவேலம்னு சொல்ற அதே மரம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான். உப்பளத்துக் கரை, ஏரி உள்வாய், ஓடை எல்லாம் அதுதான். அவர் மனசுல அது ஒரு சாதாரண முள். பிடுங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டார். ராத்திரி சம்சாரம் இலை வச்சுக் கட்டியிருக்காங்க.

குத்தினதும் சீமைச் செடி, கட்டினதும் சீமைச் செடி. இப்ப இதைச் சொல்லலாம். அன்னிக்குச் சொல்ற நிலைமையில யாரும் இல்லை.

14/
"ஏண்ணே இத்தனை நாள் வரல?"ன்னு கேட்டேன்.

அவர் பேசல. அந்தம்மாதான் சொன்னாங்க, ரொம்ப மெதுவா:

"நீங்க திட்டுவீங்கன்னுதான் சார் வரல. இலையெல்லாம் சுத்தமா கழுவிட்டு, பச்சை போனதுக்கப்புறம் போகலாம்னு இருந்தோம்."

15/
பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரெண்டு விரல் எடுக்கிறோம்னு ஆரம்பிச்சு, கடைசியில பாதத்தோட முன்பாதி வரைக்கும் எடுக்க வேண்டியதாச்சு. உயிர் தப்பிச்சது. உப்பள வேலை போச்சு.

அந்தக் காலை அழிச்சது இலையா? இல்லை. முள், சர்க்கரை, மரத்துப்போன பாதம், பன்னெண்டு நாள் தாமதம். இதுல அந்தத் தாமதத்துக்கு என் வாயும் ஒரு காரணம். டாக்டரோட ஒரு கிண்டல் ஒரு நோயாளியை எவ்வளவு தூரம் விரட்டும்னு எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லல. அந்தம்மா சொன்னாங்க.

16/
அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட ஒரே விஷயம் இதுதான். காயத்தோட யார் வந்தாலும் "என்ன வச்சீங்க?"ன்னு சிரிச்ச முகமா கேட்கிறது. பதில் எதுவா இருந்தாலும் தலையாட்டுறது. மஞ்சள், காபித் தூள், சுண்ணாம்பு, வெத்தலை, சிகரெட் சாம்பல், சிலந்திக் கூடுன்னு எல்லாத்தையும் கேட்டாச்சு. எதுக்கும் திட்டுறதில்லை. முதல்ல கழுவுறோம். அப்புறம்தான் பேச்சு.

17/
இப்ப மருத்துவத்துக்கு வருவோம். காயத்துல ரெண்டு வகையைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி உயிர் காப்பாத்தலாம்.

ஒண்ணு, அகலமா மேலோட்டமா இருக்கிறது. சிராய்ப்பு, மேல் தோல் வெட்டு. பார்க்க பயமா இருக்கும், ரத்தம் நல்லா வரும். பெரும்பாலும் ஆபத்து கம்மி.

ரெண்டு, குறுகலா ஆழமா இருக்கிறது. முள், ஆணி, மீன் முள், கம்பி. வெளியே புள்ளிதான் தெரியும், ரத்தமே வராது. இதுதான் ஆபத்து.

18/
ஏன்னா மண்ணுலயும் சாணத்துலயும் ஒரு கிருமி இருக்கு. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி. வித்து மாதிரி கெட்டியான உறைக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். காத்து இருக்கிற இடத்துல வளராது. காத்து புகாத ஆழமான குத்துக்காயம் அதுக்கு நல்ல வீடு. அங்க முளைச்சு ஒரு விஷத்தைச் சுரக்கும். அந்த விஷம் நரம்பு வழியா ஏறும். அதுதான் இரண ஜன்னி, டெட்டனஸ்.

19/
குத்தினதுக்கப்புறம் 3 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள ஆரம்பிக்கும். சராசரியா ஒரு வாரம் பத்து நாள். பல பேருக்கு அதுக்குள்ள காயமே ஆறியிருக்கும். முதல்ல வாயைத் திறக்க முடியாது, தாடை இறுகும். அப்புறம் கழுத்து, முதுகு வில் மாதிரி வளையும்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு கேஸ் பார்த்தேன். இருட்டு அறை. யாரும் பேசக் கூடாது. ஸ்பூன் ட்ரேயில விழுந்த சத்தத்துக்கு அந்த மனுஷனோட உடம்பு முழுக்க இழுத்துச்சு. முழு நினைவோட இருந்தார். அதுதான் இந்த நோயோட கொடுமை.

20/
விஷம் நரம்புல ஒட்டிக்கிட்டா எடுக்க மருந்து இல்லை. வாரக்கணக்கா ஐ.சி.யூ.வுல வச்சுக் காப்பாத்தணும். ஒரு தடவை வந்து பிழைச்சாலும் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வராது. தடுப்பூசி மட்டும்தான் வழி.

தடுப்பூசி எவ்வளவு செய்யும்? ஒரு காலத்துல வீட்டுல பிரசவம் பார்த்து, அருவாளால தொப்புள்கொடி அறுத்து, சாணம் வச்சாங்க. பச்சைக் குழந்தைங்க ஜன்னி கண்டு செத்தாங்க. தாய்மாருக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரியில பிரசவம், சுத்தமான பிளேடு. இந்த மூணும் சேர்ந்து, 2015-ல் தாய்சேய் டெட்டனஸை ஒழிச்ச நாடுன்னு இந்தியாவை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிச்சது.

21/
இங்கதான் ஒரு ஓட்டை இருக்கு. கவனிங்க.

குழந்தைங்களுக்கு 6, 10, 14 வாரத்துல போடுறோம். ஒன்றரை வயசுல, 5 வயசுல, அப்புறம் 10, 16 வயசுல போடுறோம். பெண்களுக்குக் கர்ப்ப காலத்துல போடுறோம்.

யாரு விட்டுப்போறா? உங்க அப்பா. உங்க தாத்தா. நாடு முழுக்கப் பெரிய அளவுல தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் தொடங்குச்சு, 1985-ல்தான் விரிவாச்சு. அதுக்கு முன்னாடி பிறந்த ஆம்பளைங்கள்ல பல பேர் முழுசா தடுப்பூசி போட்டிருக்க மாட்டாங்க. வயல்லயும் உப்பளத்துலயும் செருப்பில்லாம நடக்கிறதும் அவங்கதான்.

22/
முள் குத்தின காயத்து மேல இலை வச்சா என்ன ஆகும்? சாறு ஆழத்துக்குப் போகாது. இலையோட வந்த மண்ணு அங்கயே இருக்கும். மேல மூடி, பச்சையா, குளிர்ச்சியா இருக்கிறதால "ஆறிடும்"னு ஒரு நம்பிக்கை வரும்.

எனக்கு இலைமேல இருக்கிற ஒரே பயம் அந்த நம்பிக்கைதான். ரத்தம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. கிருமி முளைக்கிறது தெரியாது. நாம தெரிஞ்சதை மட்டும் பார்த்துட்டு வேலைக்குப் போயிடுறோம்.

23/
வேலிகாத்தான் முள்ளுல இன்னொரு சிக்கல். நுனி உள்ளேயே உடைஞ்சு நிக்கும். எக்ஸ்ரேயில மர முள் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்ல பார்க்கணும். முள் எடுத்தாச்சுன்னு நெனைப்போம், வாரக்கணக்குல வீங்கி வீங்கி வடியும். மூட்டுப் பக்கத்துல குத்தி மூட்டு வீங்கினா அன்னிக்கே வாங்க.

24/
விரல் வெட்டுல வேற ஆபத்து. பச்சை விழுது காயத்துக்குள்ள போயிட்டா எவ்வளவு ஆழம்னு எங்களுக்கே தெரியாது. அதனால அந்த ஆயாவோட விரலைக் கழுவிட்டு முதல்ல கேட்டேன்: "நுனி விரலை மடக்குங்க ஆயா." மடக்கினாங்க. நரம்புன்னு ஊர்ல சொல்ற தசைநாண் அறுந்திருந்தா மடக்க வராது. அதுக்கு ஆபரேஷன் வேணும்.

வீட்டுலயே நீங்க பார்க்கலாம். விரல் மடங்கலைன்னாலோ, வெட்டுக்கு அப்புறம் நுனி மரத்துப்போனாலோ தாமதிக்காதீங்க.

25/
அப்ப காயம் பட்டா என்ன செய்யணும்?

ரத்தம் பீறிட்டு வந்தா, முதல்ல சுத்தமான துணியால 10 நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கை காலைத் தூக்கி வச்சுக்கோங்க. நிக்கலைன்னா அழுத்தினபடியே ஆஸ்பத்திரிக்கு.

ரத்தம் கட்டுக்குள்ள இருந்தா, குழாயைத் திறந்து ஓடுற தண்ணியில 5 முதல் 10 நிமிஷம் கழுவுங்க. சுத்தி இருக்கிற தோலுக்குச் சோப்பு. மண்ணு, இலை, துரும்பு எல்லாம் போகணும். நாய், பூனை கடின்னா காயத்துலயே சோப்பு போட்டு முழுசா 15 நிமிஷம். கடிக்கு இலை, சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வேண்டாம். அன்னிக்கே ரேபிஸ் ஊசி.

26/
"தண்ணி பட்டா சீழ் பிடிக்கும்"னு ஒரு பேச்சு நம்ம ஊர்ல ஆழமா வேரூன்றியிருக்கு. தலைகீழ். கழுவாததாலதான் சீழ் பிடிக்குது. குடிக்கிற தண்ணி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சுத்தமான தண்ணி போதும். இந்த இழையில ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, இதை வச்சுக்கோங்க: காயத்துக்கு முதல் மருந்து தண்ணி.

27/
வயல் நடுவுல இருக்கீங்க, குழாய் இல்லை, மேல் தோல்ல சின்னக் கீறல், கைக்கு எட்டுன இலையை வச்சு அழுத்திட்டீங்க. பரவாயில்லை. நான் வைக்கச் சொல்ல மாட்டேன், வச்சா திட்டவும் மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் இலையை எடுத்துட்டு நல்லா கழுவுங்க. ராத்திரி முழுக்க வச்சுக் கட்டாதீங்க.

ஆழமான வெட்டு, குத்து, தீக்காயம், கண், கடி. இந்த அஞ்சுக்கும் எந்த இலையும் வேண்டாம். சர்க்கரைக்காரங்க காலுக்கு வேண்டவே வேண்டாம். சாறைக் குடிக்கவும் வேண்டாம்.

28/
பாம்புக் கடிக்கும் இதே இலையை அரைச்சுப் பூசிட்டு வர்றாங்க. விரியன் விஷம் உடம்புக்குள்ள ரத்தம் உறையும் சக்தியையே தின்னுடும். வெளியே பூசுற இலை அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

நம்ம ஈ.சி.ஆர்.லயே, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1978-ல் தொடங்கினது. நாட்டுல விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறவங்க அவங்க. காட்டுல இருக்கிற பச்சிலை எல்லாம் தெரிஞ்ச அந்த மக்களோட உழைப்புதான் எங்க வார்டு ஃப்ரிட்ஜில பாட்டில்ல இருக்கு. கடிச்சா நேரா அந்த பாட்டில்கிட்ட வாங்க.

29/
எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும். "ஆறு மாசம் ஆச்சா? அப்ப டிடி போட்டுக்கோ"ன்னு எல்லாக் காயத்துக்கும் ஊசி குத்துற பழக்கம். அதுவும் தேவையில்லை. முழுசா தடுப்பூசி போட்டவங்களுக்கு, சுத்தமான சின்னக் காயம்னா கடைசி ஊசியில இருந்து 10 வருஷம் வரைக்கும் வேண்டாம். மண்ணு பட்ட காயம், ஆழமான காயம்னா 5 வருஷம்.

ஒருநாளும் முழுசா போடாதவங்களுக்கு ஒரு ஊசி பத்தாது. இன்னிக்கு ஒண்ணு, 4 வாரம் கழிச்சு ஒண்ணு, அதுல இருந்து 6 மாசம் முதல் ஒரு வருஷத்துக்குள்ள ஒண்ணு. மொத்தம் 3. காயம் அழுக்கா இருந்தா கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். முதல் ஊசி போட்டுட்டு மீதி ரெண்டுக்கு யாரும் வர்றதில்லை. அதுதான் எங்க கவலை.

30/
சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தனியா. நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்திருக்கீங்களா? அது பாதம் மரத்துப்போன அடையாளம். முள் குத்தினாலும் தெரியாது. தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி உள்ளங்காலை யாராவது வெளிச்சத்துல பார்க்கணும். குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வச்சுப் பாருங்க. புள்ளி அளவு ஓட்டை இருந்தாலும் மறுநாள் காலையில ஆஸ்பத்திரி.

31/
ஆயாகிட்ட திரும்பி வருவோம்.

குழாயைத் திறந்து விரலைக் காட்டச் சொன்னேன். "தண்ணி பட்டா சீழ் கோத்துக்குமே தம்பி"ன்னாங்க. சாமி தம்பியாயிட்டேன், அது நல்ல அறிகுறி. பச்சை எல்லாம் போச்சு. மூணு தையல் போட்டோம். அப்புறம் கேட்டேன்:

"தாத்தாப்பூ இலைதானே ஆயா? எங்க அம்மாவும் வைப்பாங்க."

ஆயா என் முகத்தையே பார்த்தாங்க. அப்புறம்தான், "ஆமாப்பா, கிணத்தாண்ட இருந்தது. ரத்தம் நிக்கல, பயந்துட்டேன்"னாங்க.

32/
"இந்தச் செடி உங்க பாட்டியோட பாட்டி காலத்துல நம்ம நாட்டுக்கே புதுசு ஆயா. கப்பல்ல வந்தது. யாரோ வச்சுப் பார்த்து நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. இந்த ஊசியும் அப்படித்தான். இலை வெளிய ரத்தத்தைப் பார்த்துக்கும். உள்ள போன மண்ணை ஊசிதான் பார்த்துக்கும்."

ரொம்ப சுலபமாக்கிச் சொன்னேன்னு தெரியும். ஆனா அவங்களுக்குப் புரிஞ்சது. கையை நீட்டினாங்க.

33/
நேத்து தையல் பார்க்க வந்தாங்க. விரல் சுத்தமா இருந்தது. கூடவே ஒரு பெரியவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரராம். சவுக்கு வெட்டுற வேலை.

"இவரு பொறந்ததுல இருந்து அந்த ஊசியே போட்டதில்லையாம் தம்பி. காயமெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மாவே போடுவீங்கல்ல?"

போட்டோம். 4 வாரம் கழிச்சு எந்தத் தேதின்னு சீட்டுல எழுதி, ஆயா கையில கொடுத்தேன். அவர்கிட்ட கொடுக்கல.

34/
அதனால ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி வீட்டுல அப்பாகிட்ட, தாத்தாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "கடைசியா எப்ப டிடி ஊசி போட்டீங்க?" ஞாபகம் இல்லைன்னு சொன்னா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க. காசு இல்லை.

காயத்துல பச்சையோட வந்தாலும் பரவாயில்லை, வாங்க. திட்ட மாட்டோம். யாராவது திட்டினா, இந்த இழையைக் காட்டுங்க.